ஒரே வீட்டு முட்கள்

எங்கள் கல்லூரியில் புள்ளியியல் துறை என்றால் நான் ஒருவன்தான். துறைத் தலைவரும் நானே, துறையும் நானே, மின்விசிறி ஓடவில்லை என்று எழுதிக் கொடுப்பவனும் நானே. கணிதத் துறையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன அறை. ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் எதையாவது அளந்து குவித்து வைத்திருக்கும் மற்ற துறைக்காரர்கள், சமர்ப்பிக்கும் தேதி நெருங்கும்போது பென் டிரைவோடு என் வாசலில் வந்து நிற்பார்கள். "சார், ஒரு சின்னக் கணக்கு" என்று ஆரம்பிப்பார்கள். நான் கொஞ்சம் இழுத்தடித்து, கொஞ்சம் திட்டி, பிறகு போட்டுக் கொடுப்பேன். அவர்கள் நன்றி சொல்லும்போது கிடைக்கிற சுகத்துக்கு இருபது வருஷமாகப் பழகியவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தச் சுகம்தான் காரணம்.

அவர் பென் டிரைவோடு வரவில்லை. நான்கு தடித்த நோட்டுகளோடு வந்தார். தாவரவியல் துறையில் தற்காலிக விரிவுரையாளர். திருமயம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கணவர் சவுதியில் இருந்தார், மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பட்டம் வாங்கினால்தான் வேலை நிரந்தரமாகும், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஜூன் மாதமும் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று காத்திருக்க வேண்டியதுதான். இதை அவர் புலம்பலாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

நோட்டைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் செல்லோ டேப்பில் ஒட்டிய முட்கள். பக்கத்தில் காய்ந்த இலை, கீழே மில்லிமீட்டரில் அளவு. புரட்டிய முதல் நிமிஷத்திலேயே என் கட்டைவிரலில் ஒன்று ஏறிவிட்டது.

"காரை முள்ளு சார். பாத்துப் புரட்டுங்க" என்றார். "எனக்கு இதெல்லாம் பழகிப்போச்சு."

கருவேல், வெள்வேல், உடை, குடைவேல், இலந்தை, சூரை, காரை, களா, ஆதண்டை, முட்சங்கு என்று மாவட்டத்தில் எங்கெல்லாம் முள் இருக்கிறதோ அங்கெல்லாம் போய் அளந்திருந்தார். முள்ளே இல்லாத வீரையையும் காசானையும்கூடக் கோயில்காடுகளில் தேடி ஒப்பிடுவதற்காகச் சேர்த்திருந்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள், நான்கு வருஷ உழைப்பு. அவருடைய கேள்வி இதுதான்: முள் நீளமாக நீளமாக இலை சிறுத்துப்போகிறதா? ஆடுமாடு மேயும் வறண்ட காட்டில் இந்த இரண்டு குணங்களும் தனித்தனியாக மாறாமல், ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு பரிணமித்து வந்திருக்கின்றனவா?

எனக்குக் கேள்வி பிடித்துப்போயிற்று. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு களத்துக்கும் போனேன். சித்தன்னவாசலில் ஜனமெல்லாம் ஓவியம் பார்க்க மலையேறிக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் அடிவாரத்தில் ஒரு சூரைப் புதரின் முன்னால் குத்தவைத்திருந்தோம். அவர் கையில் வெர்னியர் அளவி, என் கையில் நோட்டு. அங்கே இருந்த காவலாளி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பொறுக்கமாட்டாமல் வந்தார்.

"ஏங்க, சித்திரம் அங்கிட்டு இருக்கு. இங்கிட்டு என்னத்தப் பாக்குறீங்க?"

"முள்ளுங்க" என்றார் அவர்.

"வேணும்னா எங்க ஊருக்கு வாங்க, வேற ஒண்ணுமே கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார் காவலாளி. அதைக் கேட்டு மேடம் சிரித்த சிரிப்பில் அளவி கை நழுவி, மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டியதாயிற்று.

மாசி மாதத்தில் எல்லா எண்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வரைபடத்தைப் பார்த்ததும் எனக்கே ஆச்சரியம். புள்ளிகள் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குச் சரிவாக இறங்கிக்கொண்டிருந்தன. முள் நீளமானவை எல்லாம் பொடி இலை, முள் இல்லாதவை எல்லாம் பெரிய இலை. இரண்டும் எவ்வளவு இறுக்கமாகச் சேர்ந்து மாறுகின்றன என்று சொல்வது ஒட்டுறவுக் கெழு; அவ்வளவு நல்ல கெழுவை நான் வகுப்பில் பொய்யாகச் செய்து காட்டும் கணக்கில்தான் பார்த்திருக்கிறேன். உடனே அவரைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "சார், இது நெசந்தானே? யாரும் குத்தம் சொல்ல முடியாதே?"

"எவன் சொல்லுவான்? கணக்குக்கு நான் பொறுப்பு மேடம். நீங்க எழுத ஆரம்பிங்க."

அன்றைக்குக் கேன்டீனில் எனக்கு வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். "நான் பொறுப்பு" என்று சொன்ன வாய்க்கு அது ரொம்ப ருசியாக இருந்தது.

பங்குனியில் ஊரில் எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு வழக்கு வந்தது. வயலுக்கு டிராக்டர் போகிற பாதை யாருடையது என்று பக்கத்து வயல்காரரோடு தகராறு. கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் ஊர்க் கூட்டத்தில் பேசிப் பார்ப்போம் என்றார்கள். நானும் போயிருந்தேன். சித்தப்பா பக்கம் சாட்சி சொல்ல ஒன்பது பேர் வரிசையாக எழுந்து நின்றார்கள். எதிராளிக்கு மூன்றே பேர். இதில் பேச என்ன இருக்கிறது என்று நான் சம்மணம் போட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

கூட்டத்தை நடத்தியவர் ஒன்பது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "ஒம்பது பேரும் ஒரே பங்காளிகதானப்பா? ஒரு குலசாமி, ஒரு வீட்டுலேருந்து பிரிஞ்ச ஆளுக. மூத்தவரு சொன்னதத்தான் மத்த எட்டுப் பேரும் சொல்லுவீக. இத ஒரு சாட்சியா வச்சுக்குவோம். வெளியாளு யாராச்சும் இருந்தாச் சொல்லு."

எதிராளியின் மூன்று பேரும் மூன்று வெவ்வேறு வீட்டுக்காரர்கள். எங்களுடைய ஒன்பது ஒன்றாகிவிட்டது, அவர்களுடைய மூன்று மூன்றாகவே நின்றது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எழுந்து, "ஒம்பது தலை நிக்கிது, கண்ணுக்குத் தெரியலையா? எண்ணத் தெரியாதா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

கூட்டம் சிரித்தது. "வாத்தியாரே, தலைய எண்ணுனாப் பத்தாது. யாரு வீட்டுத் தலைன்னும் பாக்கணும்ல?"

பாதை போயிற்று. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மனதுக்குள் அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே வந்தேன். கொடும்பாளூர் தாண்டி ஒரு கண்மாய்க் கரையில் வரிசையாகக் கருவேல மரங்கள் நின்றன. அவற்றைப் பார்த்தபோது திட்டுவது பாதியில் நின்றுபோயிற்று.

கருவேல், வெள்வேல், உடை, குடைவேல். எல்லாம் பங்காளிகள்.

நான் போட்ட முள் வரைபடத்தில் இடது மேல் மூலையில் அடைந்து கிடந்த புள்ளிகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வீட்டுப் பிள்ளைகள். என்றைக்கோ ஒரு மூதாதை மரத்துக்கு நீள முள்ளும் பொடி இலையும் வாய்த்தன. பிள்ளைகள் அதை அப்படியே வாங்கிக்கொண்டன. முள்ளும் இலையும் ஒன்றையொன்று இழுத்து மாறியதற்கு அது ஒரே ஒரு சாட்சி. நான் அதைப் பத்துப் பன்னிரண்டு சாட்சியாக எண்ணியிருந்தேன். முள் இல்லாதவை நிற்கிற பக்கத்திலும் ஓரளவு இதே கதைதான். கூட்டத்தில் எழுந்து "எண்ணத் தெரியாதா" என்று கத்தியவனுக்குத்தான் எண்ணத் தெரியவில்லை.

கோடை விடுமுறை தொடங்கியது. நான் பகலெல்லாம் யாருமில்லாத கல்லூரிக்கு வந்து உட்கார்ந்து படித்தேன். இந்தச் சிக்கல் ஒன்றும் புதிதில்லை என்றும், இதைத் தீர்க்கிற முறைகளை உயிரியல் புள்ளியியல்காரர்கள் எப்போதோ செய்து வைத்துவிட்டார்கள் என்றும் அப்போதுதான் தெரிந்தது. மரபணுவைப் பார்த்துச் செடிகளின் வம்சாவளியை வரைந்து வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதில் எந்தெந்த இடத்தில் இரண்டு கிளைகள் பிரிகின்றனவோ, அந்தப் பிரிவுக்குப் பிறகு முள் எவ்வளவு மாறியது, இலை எவ்வளவு மாறியது என்று வித்தியாசத்தை மட்டும் எடுக்க வேண்டும். பிரிந்து வெகுகாலம் ஆனவை அதிகம் மாறியிருக்கும், அதற்குத் தக்கபடி அந்த வித்தியாசத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். அப்போது மூதாதையிடமிருந்து வாங்கியது கழிந்துபோய், ஒவ்வொரு கிளையும் தானாக மாறியது மட்டும் நிற்கும். இரண்டு குணங்களும் அதிலும் சேர்ந்து மாறியிருந்தால் உறவு உண்மை.

மூன்று வாரத்தில் போட்டு முடித்தேன். நல்ல மணிக்கயிறு மாதிரி இருந்த உறவு நூலாகிப் போயிருந்தது. ஆனால் அறுந்துவிடவில்லை. வேல வீட்டுக்குள் ஒன்றுமில்லை. இலந்தைக்கும் சூரைக்கும் நடுவில், ஆதண்டைக்கும் அதன் சொந்தங்களுக்கும் நடுவில், அங்கங்கே முள் நீண்ட கிளையில் இலை சிறுத்துத்தான் இருந்தது. சின்ன விஷயம், ஆனால் நேர்மையான விஷயம். அதை வைத்து ஆய்வேடு எழுதலாம். இரண்டு மாதம் கூடுதலாக எடுக்கும், பதிவை நீட்டிக்க ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஃபைலைச் சேமித்து வைத்துவிட்டு, சொல்லத்தான் போனேன். இதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சொல்லி வைக்கிறேன், சொல்லத்தான் போனேன்.

விடுமுறையிலும் அவர் தாவரவியல் ஆய்வகத்தில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஒரு தாளை நீட்டினார். நன்றியுரைப் பக்கம். வழிகாட்டிப் பேராசிரியருக்கு அடுத்தபடியாக என் பெயர். அதற்குக் கீழேதான் கணவர், மகள் எல்லாம்.

"அவுகளுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனேன் சார். தன் பேருக்கு மேல யாருன்னு கேட்டாக. கணக்குப் போட்டவருன்னேன். சரி, அப்ப இருக்கட்டும்னுட்டாக."

வாயில் வந்ததை மென்று முழுங்கிவிட்டு, "நல்லா இருக்கு மேடம்" என்றேன். "என் பேருல மட்டும் ஒரு எழுத்து விட்டுப்போச்சு." எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுத் திரும்பி வந்த ஆள் நான். அவ்வளவு பெரிய ஓட்டையை விட்டுவிட்டு என் பெயரில் விட்டுப்போன ஒரு எழுத்தைச் சரிபார்த்தேன்.

அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். இருபது வருஷம் பாடம் நடத்தியவனுக்கு, ஊர்க் கூட்டத்தில் சாதாரணமாகத் தெரிந்த விஷயம் தெரியவில்லை என்று ஒரு தற்காலிக விரிவுரையாளரிடம் ஒப்புக்கொள்ளத் தலைக்கனம் விடவில்லை. யார் கவனிக்கப் போகிறார்கள் என்று பூசி மெழுகிவிட்டேன்.

ஒருவர் கவனித்தார். ஆய்வேட்டைப் படித்த வெளியூர்த் தேர்வாளர்களில் ஒருவர் திருப்பி அனுப்பிவிட்டார். ஆடி மாதம் கடிதம் வந்தது. இந்த இனங்கள் ஒன்றுக்கொன்று உறவாயிருக்க, தனித்தனிச் சாட்சியாக எப்படிக் கொண்டீர்கள் என்று ஒரே கேள்வி. வம்சாவளியைக் கணக்கில் எடுத்துத் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். அதே வாரத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. தாவரவியல் துறையில் நிரந்தர இடம் ஒன்று காலியாகிறது, பொங்கல் கழித்து நேர்காணல், பட்டம் முடித்தவர்கள் மட்டும்.

கடிதத்தோடு அவர் என் அறைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"சார், இப்படி ஒண்ணு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

இரண்டாவது வாய்ப்பு. இப்படி ஒரு வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. நான் கடிதத்தை மேலும் கீழும் படிப்பதுபோலப் பாவனை செய்துவிட்டுச் சொன்னேன்: "இது இப்பத்தான் புதுசா வந்த முறை மேடம். நம்ம பக்கம் யாருக்குத் தெரியும்?"

"ஆமா சார். நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். எனக்கு ஆறுதல் சொன்னார். "பொங்கலுக்குள்ள முடிஞ்சிருமா சார்? இப்பவே திருத்திக் குடுத்துட்டா மூணு நாலு மாசத்துல முடிச்சுக் குடுத்துருவோம்னு பல்கலைக்கழகத்துல சொல்றாங்க."

கணக்கு என் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. அன்றைக்கே கொடுத்திருக்கலாம். கொடுத்தால், நேற்றுத்தான் கேள்விப்பட்டவன் இன்றைக்கு எப்படி முடித்தான் என்ற கேள்வி வரும். கற்றுக்கொள்ள வேண்டும், மென்பொருள் தேட வேண்டும், வம்சாவளி எடுக்க வேண்டும் என்று அடுக்கினேன். "கொஞ்சம் டைம் குடுங்க மேடம்."

ஆவணி போயிற்று. புரட்டாசி போயிற்று. அவர் வாரம் ஒருமுறை வந்து, தொந்தரவு செய்யக் கூடாதே என்று கதவோரம் நின்று, "எதுவும் வந்துச்சா சார்?" என்று கேட்டுவிட்டுப் போவார். நான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "போயிக்கிட்டிருக்கு, லேசுப்பட்டதில்ல" என்பேன். செய்து முடித்த வேலையைச் செய்வதுபோல நடிக்கிற அலுப்பு இருக்கிறதே, உண்மையாகச் செய்கிற அலுப்பைவிட அது பெரிது. எவ்வளவு நாள் போனால் நம்புகிற மாதிரி இருக்கும் என்று யோசித்தேனே தவிர, அவருக்கு எவ்வளவு நாள் மிச்சம் இருக்கிறது என்று ஒரு நாள்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

தீபாவளி கழித்து அவருடைய பென் டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தேன். அவர் இரு கையாலும் வாங்கிக்கொண்டு, "ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க சார்" என்றார்.

பத்தே நாளில் அத்தியாயத்தைத் திருப்பி எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் பொங்கலுக்குள் முடிவு வரவில்லை. நேர்காணலுக்கு அவரைக் கூப்பிடவில்லை. அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார், நல்ல பிள்ளைதான், எனக்குத் தினமும் வணக்கம் சொல்வார். நிரந்தர ஆள் வந்துவிட்டதால் அடுத்த ஜூனில் தற்காலிக ஆள் தேவைப்படவில்லை. சித்திரையில் அவருக்குப் பட்டம் வந்தது, ஜூனில் வேலை போயிற்று. அறந்தாங்கிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கப் போனார்.

அதற்குப் பிறகு வெகுநாள் நான் எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். தெரியாமல் தப்பாகப் போட்டது ஒன்று, அதைக் குற்றமென்று சொல்ல முடியாது. தெரிந்ததும் சொல்லாதது ஒரு பலவீனம். கேட்டபோது மறைத்தது ஒரு சின்னப் பொய். தாமதம், அது வேலைப்பளு. இப்படித் தனித்தனியாகப் பிரித்து வைத்தால் ஒவ்வொன்றும் பொறுத்துக்கொள்கிற அளவில்தான் இருந்தது.

போன மாதம் அவர் கல்லூரிக்கு வந்தார். ஏதோ சான்றிதழ் வாங்க வந்தவர், என் அறைக்கும் வந்து பைண்டிங் செய்த ஆய்வேட்டுப் பிரதி ஒன்றை மேசையில் வைத்தார். "ஒங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தேன் சார். இந்தப் பக்கம் வரத்தான் முடியல." தலைமுடி முன்பக்கம் நரைத்திருந்தது. மகள் நர்ஸிங் படிக்கிறாளாம். கணவர் திரும்பி வந்து ஆவுடையார்கோவிலில் ஒரு மொபைல் கடை வைத்திருக்கிறாராம்.

நான் பிரதியைத் திறந்தேன். என் விரல் நேராக நன்றியுரைப் பக்கத்துக்குத்தான் போயிற்று. இன்னமும் புத்தி அப்படி.

"இருக்கு சார், ஒங்க பேரு" என்றார் அவர். "எடுத்துரலாமான்னு நெனச்சேன். கணக்கு ஒங்களோடதுதானே. அதுனால விட்டுட்டேன்."

ஏன் எடுக்க நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். குரல் ஏறவில்லை.

"நீங்க குடுத்த பென் டிரைவுல ஃபைலுக்கு நேரா தேதி இருந்துச்சு சார். மே மாசத்துத் தேதி. நான் மொதத் தடவ சப்மிட் பண்ணுனதுக்கு முந்தி."

மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது.

"எப்பப் பாத்தீங்க?"

"வாங்கிட்டுப் போன அன்னைக்கே."

"அன்னைக்கே என்னையக் கேட்டிருக்கலாமே மேடம்." கேட்கிற தைரியம் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "கேட்டா நீங்க ஏதாச்சும் ஒண்ணு சொல்லியிருப்பீங்க சார். அதையும் நான் நம்பியிருப்பேன்."

இந்த பஸ் போனால் அடுத்தது இரண்டு மணிக்குத்தான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் வாசல் வரை வந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். "பாத்துப் போங்க மேடம்" என்பதுதான் வாயில் வந்தது. அவர் திரும்பித் தலையாட்டிவிட்டு வேப்பமர நிழலைத் தாண்டிப் போனார்.

அறைக்குத் திரும்பி வந்து ஆய்வேட்டைப் புரட்டினேன். பின்னிணைப்பில் அந்த முட்களையெல்லாம் படமெடுத்து வீடு வீடாகப் பிரித்துப் போட்டிருந்தார். வேல வீடு ஒரு பக்கம், இலந்தை வீடு ஒரு பக்கம், ஆதண்டை வீடு ஒரு பக்கம். என்னுடைய முட்கள் நாலையும் போட வேண்டுமானால் அவருக்கு ஒரே பக்கம் போதும். சொல்லாதது, மறைத்தது, தாமதித்தது, இப்போது வாசலில் நின்று மன்னிப்புக் கேட்காதது. எல்லாம் ஒரே வீட்டில் பிறந்தவை, என் வீட்டில்.